பழைய கேபின் குரூசர்: எந்த வரிசையில் பார்த்து வாங்குவது?

கேபின் குரூசர் என்பது உள்ளே தங்கிச் சமைக்க வசதியுள்ள விசைப்படகு. பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் ஏறியதும் நேராகக் கேபினுக்குள் இறங்கிவிடுகிறார்கள். மெத்தை, சமையல் மேடை, குளியலறை, ஏ.சி. என்று பார்த்து முடிப்பதற்குள் மனம் முடிவெடுத்துவிடுகிறது. அதன்பிறகு என்ஜின் மூடியைத் திறந்தாலும், எடுத்த முடிவுக்குச் சாதகமானதுதான் கண்ணில் படும். விற்பவருக்கும் இது தெரியும். மெத்தை உறை மட்டும் புதிதாக இருக்கும் காரணம் அதுதான்.

கீழே உள்ள வரிசை, 25 முதல் 40 அடி நீளமுள்ள, மலேசியாவின் பினாங்கில் நிறுத்தி வைக்கப்போகும் படகை மனத்தில் வைத்து எழுதியது. கிள்ளான் துறைமுகத்தில் தேடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். காசு செலவாகாத சோதனைகள் முன்னால் வருகின்றன. படகைக் கரையேற்றுவது, படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்குக் கட்டணம் கொடுப்பது போன்றவை பின்னால். வேண்டாத படகை முதல் ஆறு படிகளுக்குள் கழித்துவிட்டால் உங்களுக்குச் செலவு பெட்ரோல் காசு மட்டுமே.

1. நிறுத்தும் இடத்தை முதலில் பேசி முடியுங்கள்

படகை வாங்கிவிட்டு இடம் தேடுபவர்கள் ஏராளம். ஸ்ட்ரெய்ட்ஸ் கீ, பத்து உபான் போன்ற மரினாக்களில் (படகு நிறுத்தும் துறைகளில்) உங்கள் நீளத்துக்கு இடம் இருக்கிறதா, மாத வாடகை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். வாடகையை அடிக்கணக்கில் கணக்கிடும் மரினாக்களில், பின்னால் நீட்டியிருக்கும் குளியல் மேடையும் முன்னால் நீட்டியிருக்கும் நங்கூரத் தாங்கியும் நீளத்தில் சேரலாம். விளம்பரத்தில் 32 அடி என்று இருக்கும் படகு அளக்கும்போது 36 அடி ஆகிவிடும்.

ஆழத்தையும் பாருங்கள். பினாங்கின் கிழக்குக் கரை பெரும்பாலும் சேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், மரினா வாசலையும் நிறுத்துமிடத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். படகு தரை தட்டாவிட்டாலும், சேற்றுக்கு ஓரடி மேலே நின்று என்ஜினை ஓட்டினால் குளிர்விக்கும் நீரோடு சேறும் உள்ளே போகும்.

2. எந்த வகை என்ஜின் அமைப்பு என்று தீர்மானியுங்கள்

இந்த அளவுப் படகுகளில் மூன்று வகை உண்டு. உள்ளே டீசல் என்ஜின், அதிலிருந்து நேராக வெளியே போகும் தண்டு, அதன் முனையில் விசிறி: இது ஒன்று. உள்ளே என்ஜின், பின்சுவருக்கு வெளியே காலைப்போலத் தொங்கும் ஸ்டெர்ன் டிரைவ்: இது இரண்டு. முழுவதும் வெளியே இருக்கும் அவுட்போர்ட் மூன்றாவது.

ஆண்டு முழுவதும் உப்புநீரில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் என் வாக்கு முதல் வகைக்கு. அவுட்போர்ட் என்றால் பயன்படுத்தாத நேரத்தில் நீருக்கு மேலே தூக்கி வைக்கலாம். ஸ்டெர்ன் டிரைவை அப்படி முழுவதும் தூக்க முடியாது. அதன் அலுமினிய உடல் வெதுவெதுப்பான கடலில் அரித்துக்கொண்டே இருக்கும். அதைப் படகோடு இணைக்கும் இடத்தில் பெல்லோஸ் என்னும் மடிப்பு ரப்பர் உறைகள் இருக்கின்றன. அவை வெடித்தால், கட்டிய இடத்திலேயே படகு நீர் குடித்து மூழ்கலாம். அமெரிக்காவிலிருந்து வரும் மலிவான குரூசர்களில் பல, பெட்ரோல் என்ஜினோடு கூடிய ஸ்டெர்ன் டிரைவ் வகை. நன்னீர் ஏரியில் ஓட்டி, டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு அவை நல்ல படகுகள்தான். நம் ஊர்ப் பயன்பாடு வேறு.

3. படகைப் பார்ப்பதற்கு முன் காகிதங்களைக் கேளுங்கள்

புகைப்படம் கேட்பதைப்போலவே, ஜபாத்தான் லாவுட்டில் (கடல்துறை இலாகாவில்) பதிந்த சான்று, நடப்பு உரிமம், என்ஜின் எண்கள் ஆகியவற்றின் நகலை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். “காகிதமெல்லாம் சுத்தமாக இருக்கிறது அண்ணே, நேரில் வாருங்கள்” என்று மட்டும் பதில் வந்தால், நகல் வரும்வரை கிளம்ப வேண்டாம். காகிதம் சரியில்லாத படகை எந்தச் சோதனையாலும் நல்ல படகாக்க முடியாது.

விற்பவரின் பெயரும் பதிவிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இருந்தால், விற்கும் அதிகாரம் யாருக்கு என்பதற்கு இயக்குநர்களின் தீர்மானத்தைக் கேளுங்கள். வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா, மரினாவுக்கு வாடகை பாக்கி இருக்கிறதா என்பதையும் நேரடியாக அந்தந்த இடத்திலேயே விசாரியுங்கள். வாடகை பாக்கியோடு படகை வெளியே விட மரினா சம்மதிக்காது.

லங்காவியில் இருக்கும் படகு விலை குறைவாகத் தெரிகிறதா? லங்காவி 1987 முதல் வரியற்ற தீவு. அங்கே வரி கட்டாமல் வைத்திருந்த படகைப் பினாங்குக்குக் கொண்டுவந்து நிரந்தரமாக வைக்கும்போது சுங்க இலாகாவின் கணக்கு தொடங்கும். வரி கட்டிய ரசீது இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று சுங்க இலாகாவிலேயே கேட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டுக் கொடியோடு இருக்கும் படகுக்கும் இதே கேள்விதான்.

நேரில் போனதும் முதல் வேலை, படகின் பின்சுவரில் வலப்பக்க மூலையில் பொறித்திருக்கும் உடல் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிடுவது. அமெரிக்கப் படகில் அது 12 எழுத்துகளும் இலக்கங்களுமாக இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். 1984-க்குப் பிறகு கட்டியவற்றில் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டு. “2008 மாடல்” என்று விளம்பரப்படுத்திய படகின் எண் 03 என்று முடிந்தால், பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

4. கையில் எடுத்துப்போக வேண்டியவை

நல்ல டார்ச், கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி, பிளாஸ்டிக் தலையுள்ள சின்னச் சுத்தியல், வெள்ளைத் துணி, தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி, அழுக்கானாலும் பரவாயில்லாத உடை. வெப்பமானியை வாங்கத் தயங்காதீர்கள். படகிலுள்ள மீட்டர்கள் பொய் சொல்லும்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். வீட்டாரை முதல் நாள் அழைத்துப் போகாமல் இருப்பது நல்லது.

5. முதல் பார்வை: மேல்தளமும் அடிக்குழியும்

முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். பினாங்கில் அதற்குப் பஞ்சமில்லை. படகைத் திறந்து காற்றாட வைக்க வேண்டாம், என்ஜினை ஓட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கதவு திறந்ததும் வரும் வாசனை நிறையச் சொல்லும்: டீசல், கழிவு, புழுங்கிய மரம். ஊதுவத்தி மணமோ வாசனைத் திரவ மணமோ தூக்கலாக இருந்தால் மூக்கை அடித்தளத்துக்குக் கொண்டுபோங்கள்.

மேல்தளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்குலம் அங்குலமாக நடங்கள். பல படகுகளின் தளம் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தது. கைப்பிடிக் கம்பி, கட்டுக்குற்றி ஆகியவற்றின் திருகு ஓட்டை வழியாக மழைநீர் இறங்கினால் உள்ளே மரம் உளுத்துவிடும். காலுக்கடியில் தளம் அமுங்கினாலோ, சுத்தியலால் தட்டும்போது கணீரென்ற ஒலி மாறிச் சொத்தென்று கேட்டாலோ அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். ஒரு கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கையளவு என்றால் பழுது பார்க்கலாம். நடைபாதை முழுவதும் என்றால் விட்டுவிடுங்கள்.

இனி அடிக்குழி. பில்ஜ் என்று எல்லோரும் சொல்லும் இந்த இடத்தில்தான் படகின் உண்மை வரலாறு கிடக்கிறது. கொஞ்சம் நீர் இருந்தால் அலற வேண்டாம். எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. சுவரில் வெள்ளை உப்புக்கோடு எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். என்ஜினின் ஸ்டார்ட்டர் மோட்டார் உயரத்துக்கு அந்தக் கோடு இருந்தால், இந்தப் படகு ஒருமுறை பாதி மூழ்கியிருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த பில்ஜ் எனக்குப் பிடிப்பதில்லை. பெயின்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

என்ஜினைத் தாங்கும் நீளவாட்டுக் கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். ஃபைபர் போர்த்திய பிளைவுட்டாக இருந்தால் போல்ட் இறங்கும் இடத்தில் உளுத்திருக்கும். போல்ட்டைச் சுற்றிக் கருப்பு நீர் கசிந்த தடம் இருக்கிறதா? ஸ்டெர்ன் டிரைவ் படகில் பின்சுவருக்கும் இதே சோதனை.

படகின் உடலைத் துளைத்து நீர் உள்ளே வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வால்வு இருக்கும். எல்லாவற்றையும் தேடிப்பிடித்துக் கையால் திருப்புங்கள். இறுகிப்போன வால்வை வற்புறுத்தித் திருப்ப வேண்டாம், உடைந்தால் அங்கேயே வெள்ளம். குறித்துக்கொள்ளுங்கள். வால்வு இறுகியிருந்தால் குழாய் வெடிக்கும் நாளில் அதை மூட முடியாது. கடைசியாக, பில்ஜ் பம்பின் மிதவையைக் கையால் தூக்குங்கள். பம்பு தானாக ஓட வேண்டும். முக்கால்வாசிப் பேர் சுவிட்சைப் போட்டு ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். ஆள் இல்லாத இரவில் சுவிட்சைப் போடப்போவது யார்?

6. ஆறிய என்ஜினைப் பாருங்கள்

போனதும் என்ஜின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டியிருக்கிறார்கள். சிரமப்பட்டுக் கிளம்பும் என்ஜினை மறைக்க இது பழைய வழி. நன்றி சொல்லிவிட்டு வேறொரு நாள் வருவதாகக் கிளம்புங்கள்.

ஓட்டுவதற்கு முன் ஆயில் குச்சியை வெள்ளைத் துணியில் துடையுங்கள். டீசல் என்ஜின் ஆயில் கருப்பாக இருப்பது இயல்பு. தேங்காய்ப்பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பெல்ட்டைச் சுற்றிக் கருந்தூள் சிதறியிருந்தால் சக்கரங்கள் நேராக இல்லை. புகைபோக்கி வளைவில் துருக்கண்ணீர் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடான புகையும் உப்புநீரும் கலக்கும் அந்த இடம் முதலில் அரிக்கும். அது உள்ளே ஓட்டையானால் கடல்நீர் சிலிண்டருக்குள் போகும்.

எரிபொருள் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் நீரோ கருஞ்சளியோ இருக்கிறதா? நம் ஈரப்பதத்தில், அரைத் தொட்டி டீசலோடு மாதக்கணக்கில் நிற்கும் படகில் நீர் சேர்ந்து, அந்த நீரில் நுண்ணுயிர் வளரும். துறைக்குள் பிரச்சினை தெரியாது. அலையில் தொட்டி குலுங்கும்போது அந்தச் சளி கிளம்பி வடிகட்டியை அடைக்கும், என்ஜின் நின்றுவிடும்.

பெட்ரோல் என்ஜின் என்றால், சாவியைத் திருப்பும் முன் பில்ஜ் காற்றோட்ட விசிறியை நான்கைந்து நிமிடம் ஓட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கும், ஒரு பொறி போதும்.

இப்போது கிளப்பச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். புகையோடு நீர் பீய்ச்ச வேண்டும். டீசலில் முதல் நிமிடத்தில் வரும் சிறு வெண்புகை மறைந்துவிட்டால் கவலையில்லை. சூடேறிய பிறகும் தொடரும் வெண்புகை எரியாத டீசலாகவோ நீராவியாகவோ இருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகையின் பேச்சைப் பத்தாவது படிக்கு வைத்துக்கொள்வோம்.

ஓட்ட மணிக்கணக்கைப் பற்றி ஒன்று. “பதினைந்து வருடத்தில் 300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது” என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது எச்சரிக்கை. ஆண்டுக்கு இருபது மணி நேரம் ஓடி, மீதி நாளெல்லாம் உப்புக்காற்றில் நின்ற என்ஜினைவிட, ஒழுங்காகப் பராமரித்து 2,000 மணி நேரம் ஓடிய டீசல் மேல். மணிக்காட்டியை மாற்றவும் முடியும். ஆயில் மாற்றிய, இம்பெல்லர் (குளிர்நீர் பம்பின் ரப்பர் சக்கரம்) மாற்றிய ரசீதுகளை நம்புங்கள்.

7. மின்சாரம், ஏ.சி.

அமெரிக்கப் படகின் கரை மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். நம்மிடம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். யாரோ ஒருவர் இடையில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பார். அது வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு என்று செய்த ஏ.சி. கம்ப்ரசர் சூடாகிச் சீக்கிரம் கெடும். வீட்டு வயரைப் போட்டு ஒட்டுநாடா சுற்றிய இணைப்புகளை எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால் முழு வயரிங்கையும் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

8. எழுத்தில் விலை பேசுங்கள், பிறகு முன்பணம்

இதுவரை தேறிய படகுக்கு மட்டும் முன்பணம். விலையில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது வழக்கம். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: கரையேற்றிச் செய்யும் சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இல்லாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும், சோதனையின்போது ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும். ‘நம்ம பையன்தானே’ என்று வாய்ப்பேச்சில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு முகம் முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவரோ தரகரோ சொல்லும் ஆள் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் வேண்டாம். அவரை அமர்த்தும் முன் காப்புறுதி நிறுவனத்தைக் கேளுங்கள்: இத்தனை வயதான படகுக்குக் காப்புறுதி தருவீர்களா, யாருடைய அறிக்கையை ஏற்பீர்கள்? இதைக் கேட்காமல் அறிக்கை வாங்கியவர்கள் இரண்டாவது சர்வேயருக்கும் பணம் கட்டுகிறார்கள்.

9. கரையேற்றம், கடல் ஓட்டத்துக்கு முன்

பலரும் முதலில் கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறார்கள். நம் நீரில் நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். இரண்டு மாதம் நின்ற படகின் அடியிலும் விசிறியிலும் கொட்டலசு (ஓடுள்ள ஒட்டுயிரி, பார்னக்கிள்) மண்டிவிடும். அந்த நிலையில் ஓட்டினால் என்ஜின் முழு வேகத்தை எட்டாது, கரும்புகை கக்கும். நல்ல என்ஜினைக் கெட்டது என்று நீங்கள் நினைக்கலாம். கெட்ட என்ஜினைக் காட்டி “எல்லாம் கொட்டலசு செய்கிற வேலை” என்று விற்பவர் சமாளிக்கவும் அது வழி செய்யும். தூக்கி, அழுத்த நீரால் கழுவி, விசிறியைச் சுரண்டிவிட்டு இறக்கினால் இருவருக்கும் அந்தச் சாக்கு இல்லை.

பெரிய படகைத் தூக்க லங்காவிக்கோ லுமுட்டுக்கோ போக வேண்டியிருக்கலாம். லங்காவி ஏறத்தாழ 60 கடல் மைல். போகும் எரிபொருள், படகோட்டி கூலி யாருடையது என்பதை முன்பே பேசுங்கள்.

தூக்கிய உடனே அடிப்பகுதியில் கையை வைத்துத் தடவுங்கள். ஃபைபரின் தோலுக்குள் நீர் புகுந்த கொப்புளங்கள் படகு காயக் காயச் சுருங்கிக் கண்ணுக்கு மறையும், ஆகவே ஈரத்தோடு இருக்கும்போதே வட்டமிட்டுப் படம் எடுக்க வேண்டும். ஈரமானி அப்போது எல்லா இடத்திலும் அதிகமாகக் காட்டும். அதை வைத்துப் பீதியடைய வேண்டாம், சுத்தியலின் ஒலியைக் கேளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காசளவுக் கொப்புளம் என்றால் விலை பேசும் விஷயம். அடி முழுவதும் என்றால் மாதக்கணக்கில் கரையில் காயவைத்துச் செய்யும் வேலை.

விசிறித் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லொடலொடத்தால் தாங்கி ரப்பர் தேய்ந்திருக்கிறது. அதுவே பெரிய செலவில்லை, தண்டு வளைந்து தேய்த்ததா என்பதே கேள்வி. வெண்கல விசிறி இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் உலோகத்திலிருந்து துத்தநாகம் போய்விட்டது, அது எளிதில் நொறுங்கும். கூடவே அரிப்பைத் தாங்கவென்று மாட்டிய துத்தநாகக் கட்டிகளைப் பாருங்கள். பாதி கரைந்திருப்பது நல்லது. கரையவே இல்லையென்றால் படகின் உலோகத்தோடு இணைப்பு இல்லை, அல்லது மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சில மாதத்தில் முழுவதும் கரைந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது.

10. கடல் ஓட்டம்

தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே, தட்டையான நீரில் அரை மணி ஓட்டிக்காட்டினால் ஏற்காதீர்கள். பத்து ஃபெரிங்கியைத் தாண்டி முக்கா முனைப் பக்கம் போனால்தான் திறந்த கடலின் அலை கிடைக்கும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று வரும், வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி மகத்தன்று தெலுக் பஹாங் பக்கம் வேண்டாம். சாமி கடலிறங்கும் நாளில் அங்கே உங்களுக்கு இடமிருக்காது.

நீங்கள் வழக்கமாக ஓட்டப்போகும் சுமையோடு போங்கள். தொட்டி காலி, ஆள் இரண்டு பேர் என்றால் எந்தப் படகும் பாயும்.

முதலில் மெதுவாக முன், நடு, பின் என்று கியரை மாற்றுங்கள். தயங்கிப் பிடித்தால் கியர்பெட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஓரிரு நிமிடம் முழு விசை கொடுத்து, என்ஜின் கையேட்டில் சொல்லியிருக்கும் உச்ச ஆர்.பி.எம்.மை எட்டுகிறதா என்று பாருங்கள். அடி சுத்தமாக இருந்தும் எட்டாமல் கரும்புகை வந்தால் விசிறி அளவு தவறு, அல்லது டர்போவோ இன்ஜெக்டரோ பழுது பார்க்கக் கேட்கிறது. பெரிய விசிறியை மாட்டிப் பல ஆண்டுகள் ஓட்டிய என்ஜின் ஓயாமல் பாரம் இழுத்துத் தேய்ந்திருக்கும்.

பிறகு முக்கால் வேகத்தில் விடாமல் அரை மணி நேரம். இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். நம் கடல்நீரே 29, 30 டிகிரி இருக்கும். கடல்நீரால் என்ஜினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பாதி அடைத்திருந்தாலும் குளிர்நாட்டில் ஆண்டுக்கணக்கில் தப்பித்துவிடும். இங்கே இருபதாவது நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். வெப்பமானியை எடுத்து என்ஜின் இரண்டு என்றால் இரண்டிலும் ஒரே இடங்களை அளங்கள். ஒன்று எட்டு, பத்து டிகிரி கூடுதலாக இருந்தால் காரணம் தெரியும்வரை பணம் பேச வேண்டாம். ஓட்டத்தின் நடுவே ஒருமுறை பில்ஜைத் திறந்து பாருங்கள். நின்ற படகில் கசியாதது ஓடும்போது கசியும்.

துறை திரும்பியதும், என்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயில் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம். போன வாரம்தான் ஆயில் மாற்றினார்கள் என்றால் அந்தச் செலவு வீண்.

11. கணக்கும் கைமாற்றமும்

சர்வே அறிக்கையை மூன்றாகப் பிரியுங்கள்: கடலுக்குப் போகும் முன் செய்தே ஆக வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, அழகுக்கானவை. முதல் வகையின் முழுச் செலவையும் விலையில் குறைக்கக் கேளுங்கள். இரண்டாவதில் பேரம் பேசுங்கள். மூன்றாவதைப் பேசவே வேண்டாம், பேசினால் முதல் வகையின் கனம் குறையும். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுச் செலவு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பழைய படகுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் விலை குறைந்த படகுக்கும் உதிரிப் பாகம் புதுப் படகின் விலையில்தான் கிடைக்கிறது.

மீதிப் பணமும் பெயர் மாற்றப் படிவமும் ஒரே நாளில், ஒரே மேசையில் கைமாற வேண்டும். காப்புறுதி அந்த நாளிலிருந்தே தொடங்கட்டும். வி.எச்.எஃப். வானொலி இருந்தால் அதன் உரிமத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். எல்லாச் சாவிகளையும் கையேடுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்திலேயே ஆயில், வடிகட்டிகள், பெல்ட், இம்பெல்லர், துத்தநாகக் கட்டிகள் எல்லாவற்றையும் மாற்றி, தேதியை எழுதி ஒட்டுங்கள். கழற்றிய இம்பெல்லரைப் பார்க்காமல் தூக்கியெறியாதீர்கள். அதில் ரப்பர் இறக்கை ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுத்த பிறகே படகை வெளியே எடுங்கள்.